இடமாகச் சுற்றிய டிஸ்டிரிபியூட்டர்

என் கல்யாணச் சீரில் பித்தளை அண்டாவும் தேக்குக் கட்டிலும் தவிர ஒரு காரும் இருந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் என் அப்பாவைப் பெரிய பணக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. விழுப்புரத்தில் விறகு எடைபோட்டு விற்கிற சின்ன விறகுத்தொட்டி ஒன்று வைத்திருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்கார ரயில்வே இஞ்சினியரிடம் அந்தக் காரை வாங்கினார். அப்போதே அது பழைய கார். என்னைவிட வயதில் மூத்தது. எனக்கு அக்கா முறை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அப்பா அந்தக் காரை யாரையும் தொட விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே துடைப்பார், அவரே கிரீஸ் போடுவார். கையில் காசு இருந்தால் பெட்ரோல் ஊற்றி எங்களை ஏற்றிக்கொண்டு திருவாமாத்தூர் கோயிலுக்குப் போவார். சித்தப்பா ஒருமுறை ஒரு நாளைக்குக் கேட்டார் என்பதற்காக ஆறு மாதம் அவரோடு பேசாமல் இருந்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் அதை எனக்குக் கொடுத்தார். வரன் வீட்டார் கேட்கவே இல்லை. அவராகக் கொடுத்தார்.

நான் வாழ்க்கைப்பட்டது திண்டிவனத்தில். மாமனாருக்கு ஊர் எல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் நிலம். என் வீட்டுக்காரருக்கு எண்ணெய் மில்லில் இயந்திரம் பார்க்கிற வேலை. கார் எங்களோடு திண்டிவனம் வந்து சேர்ந்தது. அதோடு அதற்கு அலுத்துப்போய்விட்டது போலிருக்கிறது. வாசலைத் தாண்டும், கடைத்தெரு வரைக்கும் இருமிக்கொண்டே போகும், அங்கே நின்றுவிடும். கொஞ்ச நாளில் அதைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார்கள். கோழிகளுக்குப் பின் சீட்டு மிகவும் பிடித்துப்போயிற்று.

தலைப்பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு அப்பா வந்தார். பந்தியில் உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது மாமனார் சொன்னார்: "சம்மந்தி, நீங்க குடுத்த காரு நல்லா முட்டை போடுதுங்க. தெனம் ரெண்டு."

பந்தியே சிரித்தது. மாமனார் கெட்டவர் இல்லை. அவருக்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். தன் வழுக்கையைப் பற்றியும் தானே ஜோக் அடிப்பார். ஆனால் அப்பாவுக்கு அது தெரியாதே. அப்பாவும் சிரித்தார். கை கழுவினார். கொட்டகைப் பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "காரு ஓடட்டும்மா, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த பொங்கலுக்குச் சீரைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினார். அதற்கடுத்த பொங்கலுக்கும் தம்பிதான் வந்தான். நான் விழுப்புரம் போனால் அப்பா தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் என் வீட்டுக்கு வரமாட்டார். காரணம் கேட்டால் தொட்டியில் லோடு வருகிறது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற பெண் வீட்டுப் படியை மிதிக்க ஒரு கார் ஓடியாக வேண்டுமா? ஆனால் அப்பாவிடம் அதைக் கேட்க முடியுமா? அதனால் அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டுக்காரர்மேல் காட்டினேன்.

பாவம், அவரும் சும்மா இருக்கவில்லை. மில்லிலிருந்து வந்ததும் கொட்டகைக்குள் புகுந்துகொள்வார். ஒருநாள் வந்து, "கண்டுபிடிச்சிட்டேன், டிஸ்டிரிபியூட்டர்தான்" என்றார். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். பந்தியில் ஒருவர் நெய் ஊற்றிக்கொண்டு போகிறார் இல்லையா, அதுபோல நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரப் பொறியைப் பரிமாறுவது அதன் வேலை என்றார். எங்கள் காரில் அதன் தண்டு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பரிமாறுகிறவர் தள்ளாடினால் நெய் இலைக்கு வெளியேதான் விழும்.

அதோடு அது பழைய மாதிரி. ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு சின்னக் குச்சி இருக்கும். கார் வேகம் எடுக்கும்போது அதைத் தள்ளிப் பொறி கொஞ்சம் முன்னதாக விழும்படி செய்ய வேண்டும், மேட்டில் ஏறும்போது பின்னுக்கு இழுக்க வேண்டும். காதால் கேட்டுக் கையால் செய்கிற வேலை. அப்பா அதை வீணை வாசிப்பதுபோல் செய்வார். எங்களுக்கு வராது. புது மாதிரி டிஸ்டிரிபியூட்டரில் அந்தக் குச்சிக்கு வேலையே இல்லை. உள்ளே இரண்டு எடைக்கல்லும் ஸ்பிரிங்கும் இருக்கும், வேகத்துக்குத் தக்கபடி அதுவே பார்த்துக்கொள்ளும். "மெட்ராஸ்ல பழைய சாமான் தெருவுல கெடைக்கும். போய் வாங்கியாறேன்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குத் திக்கென்றது. "எங்கப்பா காருல கைய வைக்கறதுங்களா? அந்தக் குச்சிய எடுத்துட்டா அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

"கைய வைக்கலன்னா கோழிதான் கைய வைக்கும்" என்றார்.

அது மார்கழி. மாமனார் தைக்குள் இன்னும் இரண்டு மாடு வாங்குவதாக இருந்தார். கொட்டகையில் இடம் வேண்டும். கோட்டக்குப்பத்திலிருந்து பழைய இரும்பு வாங்கும் பாய் ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். "பொங்கலுக்குள்ள அது விழுப்புரம் போய்ட்டு வந்திடுச்சின்னா வச்சிக்குங்க. இல்லன்னா பாய் எடுத்துக்கினு போவட்டும்" என்றார் மாமனார். கார் போய்விட்டால் அப்பா வருவதற்கு வழியே இருக்காது. ஓடாத கார் என்றைக்காவது ஓடும். இல்லாத கார் எப்படி ஓடும்? "போய் வாங்கியாங்க" என்று நானே வீட்டுக்காரரை ரயிலேற்றினேன்.

திரும்பி வந்தவர் நியூஸ் பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்தார். அல்வா என்று நினைத்துப் பிரித்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு டிஸ்டிரிபியூட்டர். மெட்ராஸ் போய் வந்த புருஷன் பெண்டாட்டிக்கு வாங்கி வந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிகளை விரட்டிவிட்டு உட்கார்ந்தோம். பழையதைக் கழற்றினார், ஸ்டியரிங் நடுவில் இருந்த குச்சியையும் எடுத்துவிட்டார். புதியது துளைக்குக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. பால் பவுடர் டின்னை வெட்டித் தகடாக்கிச் சுற்றி இறுக்கினார். உள்ளே பொறி உண்டாக்கும் இரண்டு சின்ன உலோக முனைகள் இருந்தன, பாயின்ட் என்று பெயர். அவற்றுக்கிடையே ஒரு கனத்த அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும் என்றார். வீட்டில் கனத்த அட்டை எங்கள் கல்யாணப் பத்திரிகைதான் இருந்தது. அதில் ஒரு மூலையைக் கிழித்துக் கொடுத்தேன்.

பழைய ஒயர்கள் வெடித்துப்போயிருந்தன என்று அவற்றைப் பிடுங்கித் தூரப் போட்டிருந்தார். புது ஒயர்கள் நான்கையும் மூடியில் செருக வேண்டும். மூடி வட்டமாக இருந்தது, சுற்றிலும் நான்கு ஓட்டை. "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. இதான் என்ஜினோட முறை. இதுல இன்னா இருக்குது" என்றவர் கையில் ஒயரோடு கொஞ்சம் நின்றார். எந்தப் பக்கமாக வைத்துக்கொண்டு போவது?

"வலமாத்தான்" என்றார். "கோயில்ல எப்பிடிச் சுத்தறோம்? கடிகாரம் எப்பிடிச் சுத்துது? நல்லது எதாச்சும் எடமா சுத்துமா?"

நானும் தலையை ஆட்டினேன். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆரத்தி எடுத்தாலும் வலம், பிரகாரம் சுற்றினாலும் வலம். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று வலமாகவே செருகினோம். மாமியார் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

காரின் முன்னால் என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைப் போட்டு வீட்டுக்காரர் ஒரு சுற்றுச் சுற்றினார். அது படாரென்று திருப்பி அடித்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சீக்கிரமா பொறி விழுவுது. கொஞ்சம் பின்னால தள்ளணும்" என்று அந்த வலியிலும் சொல்லி, இன்னொரு கையால் டிஸ்டிரிபியூட்டரைச் சற்றே திருப்பி வைத்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிமேல் அவரால் ஓட்ட முடியாது. கார் வந்த புதிதில், அறுவடை முடிந்த மல்லாட்டைக் கொல்லையில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதனால் நான் ஏறினேன். அண்டை வீட்டு ஆட்கள் தள்ளினார்கள். என்ஜின் பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது என்றா சொன்னேன்! பெண் யானைபோல் ஆடிக்கொண்டே நகர்ந்தது. பத்தடிக்கு ஒருமுறை பின்னால் டமார், டமார் என்று வெடித்தது. கடைத்தெருவில் நுழைந்தபோது ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். சாவு ஊர்வலத்தில்தான் அப்படி வேட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். ஒரு பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருங்க? எந்தத் தெரு?" என்று பக்கத்தில் வந்து மரியாதையாக விசாரித்தார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். கிளியனூர் போகும் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் கார் நின்றே விட்டது.

மாமனாரின் மாடுகள் வந்துதான் இழுத்துக்கொண்டு போயின. "மாடு பூட்டினா சொகுசா போவுதே. எதுக்குப் பேஜாரு, இப்பிடியே விழுப்புரம் போய்ட்டு வந்திடுங்களேன்" என்றார் மாமனார்.

அன்றைக்கு வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். "எங்கப்பா வராததுக்கு நீங்கதான் காரணம். உங்கப்பாவுக்கு வாயி, உங்களுக்குக் கையி. ரெண்டும் சும்மா இருக்காது" என்றேன். அவர் வீங்கிய கையில் பத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தது இன்னும் ஆத்திரமாக இருந்தது. சோறு போடும்போது குழம்பைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினேன்.

மறுநாள் அவர் மில்லுக்குப் போகவில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்குது. எங்க தப்புன்னுதான் தெரியல" என்று மறுபடி கொட்டகைக்குள் உட்கார்ந்தார். சிலிண்டர்களுக்குள் பொறியை விடும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்து வைத்து, என்னைக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். பிளக் இல்லாததால் அது சுலபமாகச் சுற்றியது. அவர் குனிந்து பாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த மாமியார் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது?" என்றார் மாமியார். "உள்ள ஒண்ணு எடமா சுத்துது?"

நான் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தேன். மூடிக்குள் நடுவில் இருக்கும் துண்டுதான் ஒவ்வொரு ஒயராகப் போய்ப் பொறியைக் கொடுப்பது. வீட்டுக்காரர் ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். அது சாவகாசமாக இடப்பக்கமாகத்தான் சுற்றியது. சந்தேகமே இல்லை.

"சாவுச் சடங்குலதான்டி இப்பிடிச் சுத்துவாங்க" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதைப் போயி வூட்டுல வச்சிருக்கீங்களே."

வீட்டுக்காரர் மாமியாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். வலிக்கிற கையால் தொடையில் அடித்துக்கொண்டு, ஐயோ என்று கத்தி, மறுபடியும் சிரித்தார். பரிமாறுகிறவர் இடப்பக்கமாக வந்துகொண்டிருக்கிறார், நாங்கள் இலையை வலப்பக்கமாகப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்றுக்கும் நான்குக்கும் சரியாகப் போய்விட்டது. இரண்டுக்குரியது மூன்றுக்கும், மூன்றுக்குரியது இரண்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. அவைதான் கடைத்தெரு முழுக்க வேட்டுப் போட்டிருக்கின்றன. இரண்டு ஒயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினேன். அவ்வளவுதான் வேலை.

ஆனால் மாமியார் விடவில்லை. பொங்கல் நெருங்குகிற நேரத்தில், உள்ளே அப்படிச் சுற்றுகிற ஒரு சாமானோடு ரோட்டில் போகக் கூடாது என்று கொட்டகை வாசலில் நின்றுகொண்டார். என்ஜின் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, நம்மால் மாற்ற முடியாது என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"சரி. உள்ள எடமா சுத்தறதுக்கு வெளிய வலமா சுத்திடு. புள்ளையார் கோயில மூணு சுத்து. அப்புறம் எங்க வேணும்னாலும் போ" என்றார் மாமியார்.

இதில் எங்களுக்கு என்ன நஷ்டம்? நான் ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடியை இந்தமுறை மாமனாரே சுற்றினார், நம்பிக்கை இல்லாமல், இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அரைச் சுற்றுதான். என்ஜின் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே பிடித்துக்கொண்டது. தையல் மெஷின் சத்தம்தான், அதற்குமேல் இல்லை. பிள்ளையார் கோயிலை மூன்று முறை வலம் வந்தேன். தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். ஒரு வேட்டுக்கூட இல்லை என்று அவர்களுக்கு வருத்தம். மூன்றாவது சுற்றில் மாமியார் நிறுத்தச் சொல்லித் தானும் ஏறிக்கொண்டு, நான்காவதாக ஒரு சுற்றுக் கேட்டார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு விழுப்புரம் புறப்பட்டோம். நான் ஓட்டினேன், வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில். விக்கிரவாண்டி தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன். ஸ்டியரிங் நடுவில் அந்தக் குச்சி இருக்க வேண்டிய இடத்துக்கு என் கை தானாகப் போயிற்று, அங்கே தேட ஒன்றும் இல்லை. கார் அதுபாட்டுக்கு வேகம் பிடித்தது. முண்டியம்பாக்கத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, எல்லாவற்றையும் தாண்டினேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் வண்டிக்காரர்களுக்கெல்லாம் கையை ஆட்டினேன். "ரோட்ட பாரு, ரோட்ட பாரு" என்று வீட்டுக்காரர் கத்திக்கொண்டே வந்தார்.

விழுப்புரம் நெருங்க நெருங்க அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்பா என்ன சொல்வார்? அவருடைய குச்சி இல்லை. அவருடைய டிஸ்டிரிபியூட்டர் இல்லை.

விறகுத்தொட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். அப்பா உள்ளே எடைபோட்டுக்கொண்டிருந்தவர், கையில் எடைக்கல்லோடு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காரையே பார்த்தார். தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் மாறியிருக்குது. யாரு கைய வச்சது?"

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நான்தாம்பா" என்றேன் முந்திக்கொண்டு. "டிஸ்டிரிபியூட்டர மாத்திட்டோம். அந்தக் குச்சி கெடையாதுப்பா. திண்டிவனத்துலேருந்து நான்தான் ஓட்டிக்கினு வர்றேன். எங்கியும் நிக்கல."

அப்பா எடைக்கல்லைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை பாடு? ஓடாமல் இருந்திருந்தாலும் அவருடைய காராகவே இருந்திருக்கும். "வாங்க, திரும்பிடலாம்" என்றேன் வீட்டுக்காரரிடம். அவர் என் கையைப் பிடித்து, "இரு" என்றார்.

தொட்டிக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டு ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி வேட்டி, நெற்றியில் விபூதி. ஒரு தோளில் கரும்புக் கட்டு, இன்னொரு கையில் மஞ்சள் கொத்தோடு புதுப்பானை. பின்னால் தம்பி அரிசியும் வெல்லமும் சுமந்துகொண்டு வந்தான்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"எங்கயா? பொண்ணு வூட்டுக்குத்தான். பொங்கல் சீரு இருக்குதில்ல" என்றார். தம்பியைப் பார்த்து, "நீ தொட்டியப் பாத்துக்க. இந்த வருசம் நான் போறேன்" என்றார்.

கரும்பு உள்ளே அடங்காமல் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பானையோடு பின்னால். அப்பாவுடைய வலது கை மடியில் இருந்தபடியே, கார் வேகம் எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் அசைந்தது. விக்கிரவாண்டியில் ஒருமுறை, "நல்லாத்தான் இழுக்குது" என்றார். திண்டிவனம் எல்லையில், "சம்மந்தி வூட்டு வாசல்ல ஆரன் அடிச்சிக்கினே போம்மா" என்றார்.

அடித்தேன். தெருமுனையிலிருந்து கையை எடுக்காமல் அடித்தேன். மாமனார் வெளியே ஓடிவந்தார். காரைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். ஜோக் ஏதாவது வரும் என்று நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் வந்து கதவைத் திறந்தார். கரும்புக் கட்டைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

"வாங்க சம்மந்தி" என்றார். "உள்ள வாங்க."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுப் படி ஏறினார்.